லயத்து வாசலில் ஆர்க்கிட்



தோட்டத்துச் சாலையோரங்களில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவற்றின் கிளைகளில் வேறொரு செடி தொற்றிக்கொண்டு வளர்வதையும் பார்த்திருக்கிறோம். ஆண்டு முழுவதும் அந்தச் செடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால், திடீரென்று ஒரு நாள் காலையில் அண்ணாந்து பார்த்தால், கிளை முழுவதும் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும். நல்ல மணம் வீசும். அன்று மாலைக்குள் பூக்கள் வாடிவிடும். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இராது.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. நம் தோட்டத்தில் அந்தப் பூ பூத்த அதே நாளில், பக்கத்துத் தோட்டத்திலும் கம்பத்திலும் பட்டணத்திலும் அது பூத்திருக்கும். ஒன்றுக்கொன்று சொல்லிவைத்தாற்போல் எல்லாச் செடிகளும் ஒரே நாளில் பூப்பது எப்படி?

அந்தப் பூவுக்குப் புறா ஆர்க்கிட் என்று பெயர். அதன் மொட்டுகள் ஓரளவு வளர்ந்து, அப்படியே தூங்கிக் கிடக்கும். கடுமையான வெயிலுக்குப் பிறகு இடியுடன் பெருமழை கொட்டும்போது, காற்றின் வெப்பம் சட்டென்று ஐந்து பாகை அளவுக்குக் குறைகிறது அல்லவா? அந்தக் குளிர்ச்சிதான் மொட்டுகளைத் தட்டி எழுப்புகிறது. அன்றிலிருந்து ஏறக்குறைய ஒன்பதாம் நாள் அவை மலர்கின்றன. ஒரே மழை பல ஊர்களில் பெய்திருப்பதால், பல ஊர்ச் செடிகளும் ஒரே நாளில் மலர்கின்றன. அதனால் அவற்றுக்கு என்ன பயன்? ஒரு செடியின் மகரந்தத்தைத் தேனீ இன்னொரு செடிக்குக் கொண்டுபோக வேண்டுமானால், இரண்டும் ஒரே நாளில் பூத்திருக்க வேண்டும். ஒரு நாளே வாழும் பூவுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறு உண்டா?

ஆர்க்கிட் இனத்தில் உலகம் முழுவதும் 25,000க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. நம் மலாயாத் தீபகற்பத்தில் மட்டும் எண்ணூறுக்கும் மேற்பட்டவை இயற்கையாக வளர்கின்றன. ஆனாலும், நம்மில் பலர் ஆர்க்கிட் என்றால் அது துரை பங்களாவின் முன்தாழ்வாரத்தில் தொங்கும் பூ என்றே நினைத்துப் பழகிவிட்டோம். அதற்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் நம் தாத்தாக்கள்தாம். ஆனால் லயத்து வாசலில் அதை வளர்க்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்றைய பேச்சில் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவோம். மரத்தின்மேல் வளர்வதால் ஆர்க்கிட்டும் புல்லுருவிதான் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. பால்மரத்தில் புல்லுருவி பிடித்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். பறவை தின்று எச்சமிட்ட விதை கிளையில் ஒட்டி முளைத்து, பட்டைக்குள் துளைத்து, மரத்தின் நீரையும் சத்தையும் உறிஞ்சும். கடைசியில் கிளை நலிந்துபோகும். ஆர்க்கிட் அப்படிச் செய்வதில்லை. அது மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறதே ஒழிய, மரத்திடமிருந்து எதையும் எடுப்பதில்லை. பட்டையில் வழியும் மழைநீரும், இலைதழை மட்கிய தூசியும், காற்றின் ஈரமுமே அதற்குப் போதும். அதன் வேரைச் சுற்றிப் பஞ்சுபோன்ற வெள்ளை உறை ஒன்று இருக்கிறது. அது மழை பெய்தவுடன் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு விரைவில் காய்ந்துவிடுகிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், ஆர்க்கிட் வளர்ப்பில் பாதி விளங்கிவிடும். அந்த வேருக்கு நீர் வேண்டும். நீரைவிட அதிகமாகக் காற்று வேண்டும்.

ஆர்க்கிட்டுக்கும் நம் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஓர் உறவு இருக்கிறது. 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1888இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பவர், மரத்தைக் கெடுக்காமல் நாள்தோறும் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். நம் முன்னோர் கையில் பால்வெட்டுக் கத்தி வந்ததற்கு அந்த முறை ஒரு பெருங்காரணம். அதே ரிட்லியிடம்தான் 1893இல் ஆக்னஸ் ஜோவாக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணி தம் வீட்டுத் தோட்டத்தில் பூத்த ஒரு புதிய ஆர்க்கிட்டைக் கொண்டுவந்து காட்டினார். பர்மாப் பக்கத்து வாண்டா ஒன்றும், பேராக் கிந்தாப் பள்ளத்தாக்கின் சதுப்பு நிலங்களில் வளரும் வாண்டா ஒன்றும் கலந்து பிறந்த கலப்பினம் அது. ரிட்லி அதற்கு வாண்டா மிஸ் ஜோவாக்கிம் என்று பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார். 1981இல் சிங்கப்பூர் அதைத் தன் தேசிய மலராக ஏற்றுக்கொண்டது. அந்த அம்மையார் அதைத் தாமே கலப்புச் செய்து உருவாக்கினாரா, அல்லது தற்செயலாகக் கண்டெடுத்தாரா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. அவரே உருவாக்கினார் என்று 2016இல் சிங்கப்பூர் அதிகாரப்பூர்வமாக ஏற்றது.

இந்தக் கலை பெரிய படிப்புப் படித்தவர்களுக்கே உரியது என்று நினைக்கிறீர்களா? ஐஸ்கிரீமில் மணக்கும் வனிலாவும் ஓர் ஆர்க்கிட் கொடியின் காய்தான். ரீயூனியன் தீவில் அந்தக் கொடி பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. 1841இல், அங்கு ஒரு தோட்டத்தில் அடிமையாக இருந்த எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், சிறு குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவில் மகரந்தம் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தான். இன்றும் உலகின் வனிலாத் தோட்டங்களில் கையால் அப்படித்தான் மகரந்தம் சேர்க்கிறார்கள். அவனோ கடைசிவரை ஏழையாகவே வாழ்ந்து மறைந்தான். தோட்டத்துப் பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் எவ்வளவு திறமை உண்டு என்பதற்கு இது சான்று. அந்தத் திறமையின் பலன் உரியவரைச் சேரவேண்டும் என்பதும் இதில் நாம் படிக்க வேண்டிய பாடம்.

இனி, ஆர்க்கிட் சங்கங்களைப் பற்றிச் சொல்கிறேன். 1928இல் சிங்கப்பூரில் மலாயா ஆர்க்கிட் சங்கம் தொடங்கப்பட்டது. தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ஹோல்டம் அதைத் தொடங்கியவர்களுள் ஒருவர். பின்னர் அது தென்கிழக்காசிய ஆர்க்கிட் சங்கம் என்று பெயர் மாறியது. இன்று நம் நாட்டிலும் பட்டணங்கள் பலவற்றில் ஆர்க்கிட் வளர்ப்போர் கூடும் சங்கங்கள் உள்ளன.

அங்கே என்ன நடக்கிறது? பொதுவாக மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். ஒரு நீண்ட மேசையில், உறுப்பினர்கள் தங்கள் வீட்டில் பூத்த செடிகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அனுபவசாலிகள் ஒவ்வொன்றாகப் பார்த்து, பூவின் வடிவம், நிறம், அளவு, தண்டில் எத்தனை பூ, செடியின் நலம் ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுக்கிறார்கள். ஏன் இந்தப் புள்ளி, ஏன் அந்தக் குறை என்று காரணமும் சொல்வார்கள். நோய் கண்ட இலையைக் கொண்டுபோய்க் காட்டினால் மருந்து சொல்வார்கள். அன்று யாராவது ஒரு பொருளைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு கன்றுகளையும் வெட்டுத் துண்டுகளையும் மாற்றிக்கொள்வார்கள். மலிவு விலைக்கு விற்பதும் உண்டு. ஆண்டுக்கொரு முறை மலர்க் கண்காட்சி நடத்துவார்கள்.

குடுவைக் கன்று என்ற ஒன்றையும் அங்கே காணலாம். ஆர்க்கிட் விதை தூசியைப்போல் நுண்ணியது. ஒரே காயில் இலட்சக்கணக்கான விதைகள் இருக்கும். ஆனால் அவற்றில் நெல்லுக்குள் இருப்பதுபோன்ற உணவுச் சேமிப்பு இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சணம் உதவினால்தான் அவை முளைக்கும். 1922இல் அமெரிக்க அறிஞர் நட்சன், சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த கூழில் பூஞ்சணத்தின் துணையின்றியே அவற்றை முளைக்கவைத்துக் காட்டினார். ஹோல்டம் அந்த முறையைச் சிங்கப்பூரில் கையாண்டு பல புதிய கலப்பினங்களை உருவாக்கினார். இன்று கண்ணாடிக் குடுவைக்குள் பச்சைப் பசேலென்று விற்கப்படும் கன்றுகள் அந்த வழியில் வந்தவை. விலை குறைவுதான். ஆனால் பூக்க மூன்று, நான்கு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். ஆகவே, புதிதாகத் தொடங்குபவர்கள் குடுவையை வாங்க வேண்டாம். வளர்ந்த செடி ஒன்றையோ, நல்ல வெட்டுத் துண்டையோ வாங்குங்கள்.

சங்கத்துக்குப் போக நம்மவர்களுக்குக் கூச்சம் இருக்கிறது. அங்கே ஆங்கிலமும் மலாயும் சீனமும் பேசுவார்களே, நாம் என்ன பேசுவது என்று தயங்குகிறார்கள். ஆர்க்கிட்டின் பெயர்களெல்லாம் இலத்தீன் பெயர்கள். இலத்தீன் அங்கே யாருக்கும் தாய்மொழி இல்லை. எல்லாரும் தட்டுத் தடுமாறித்தான் படித்துக்கொள்கிறார்கள். பூத்த செடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் பார்த்து நாலு பேர் உங்களிடம் வந்து பேசுவார்கள். பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். மொழிக்கு அவன் துணை; பொறுமைக்கு நீங்கள் துணை.

அடுத்து, வளர்க்கும் முறை. ஆர்க்கிட்டுகளை வெயிலை வைத்து நான்கு பிரிவாகப் பிரித்துக்கொண்டால் எளிது.

முதலாவது, தரையில் வளரும் ஸ்பாத்தோகுளோட்டிஸ். எல்லாவற்றிலும் எளியது இதுதான். இலை விசிறிபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். நீர் தேங்காத, மட்கு கலந்த மண்ணும் நல்ல வெளிச்சமும் போதும். எங்கள் பள்ளித் தோட்டத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளே இதைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, பென்சில்போல் உருண்ட இலையுடைய வாண்டாவும், தேள் ஆர்க்கிட் என்னும் அராக்னிஸும். இவற்றுக்கு நாள் முழுவதும் வெயில் வேண்டும். வாண்டா மிஸ் ஜோவாக்கிம் இந்தப் பிரிவைச் சேர்ந்தது. காற்றுவேர்கள் உள்ள ஓரிரண்டு அடி நீளத் துண்டை நுனியிலிருந்து வெட்டி, ஊன்றிய கம்பில் கட்டிவிடுங்கள். அடியில் தேங்காய் மட்டைத் துண்டுகளையும் காய்ந்த புல்லையும் பரப்புங்கள். நிழல் விழும் இடத்தில் இவை இலை விடும், பூ விடா.

மூன்றாவது, டென்ரோபியம். நம் கோயில் மாலைகளில் சேர்த்துக் கட்டுகிறார்களே, ஊதாவும் வெள்ளையும் கலந்த பூ, அது இந்த இனம். காலை வெயிலும் நண்பகலில் சற்று நிழலும் வேண்டும். லயத்து வாசலில் கிழக்குப் பார்த்த கூரை ஓரம் இதற்கு மிக ஏற்ற இடம்.

நான்காவது, ஃபலனோப்சிஸ். அகன்ற இலையும் வண்ணத்துப்பூச்சிபோன்ற பூவும் உடையது. கடையில் பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். இது நிழலில் வளர்வது. ஈரம் மிஞ்சினால் அழுகிவிடும். கொஞ்சம் பழகிய பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

டென்ரோபியத்தை எடுத்துக்கொண்டு முறையைச் சொல்கிறேன். சுற்றிலும் துளையுள்ள மண்சட்டி நல்லது. அது கிடைக்காவிட்டால் பழைய பிளாஸ்டிக் டப்பாவில் பக்கங்களிலும் அடியிலும் துளையிட்டுக்கொள்ளுங்கள். சட்டி பெரிதாக இருக்கக்கூடாது. செடிக்குச் சற்று இறுக்கமாக இருப்பதே நல்லது. மண் போடவே கூடாது. அடுப்புக்கரித் துண்டுகளும், உடைந்த ஓடு அல்லது செங்கல் துண்டுகளும் போதும். செடி அசையாதபடி ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். அசையும் செடியில் புதுவேர் பிடிக்காது.

தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். வேரைப் பார்த்தால் தேவை தெரியும். வேர் வெள்ளி நிறமாக இருந்தால் காய்ந்திருக்கிறது. பச்சையாக இருந்தால் ஈரம் போதும். மழை பெய்த நாளில் ஊற்ற வேண்டாம். சட்டியின் கீழே தட்டு வைக்காதீர்கள். தேங்கிய நீர் வேரை அழுகவைக்கும். அதோடு டிங்கிக் காய்ச்சல் பரப்பும் ஏடிஸ் கொசுவும் அதில்தான் முட்டையிடும்.

இலையும் பேசும். கரும்பச்சையாகத் தழைத்துப் பூக்காமல் இருந்தால் வெளிச்சம் போதவில்லை. மஞ்சள் பூத்துக் கருகினால் வெயில் மிஞ்சிவிட்டது. இடத்தை மாற்றுவதானால் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

உரத்தைப் பொறுத்தமட்டில், அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. கடையில் வாங்கும் உரத்தை, பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவில் கால் பங்கே கரைத்து, வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். மாடு வளர்ப்பவர்கள் நன்றாக மட்கிய சாணத்தை நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து, வெளிர்ந்த தேநீர் நிறத்துக்கு இறக்கி ஊற்றலாம். செம்பனைக்குப் போடும் உரத்தை அள்ளிவந்து சட்டியில் போட்டால் இரண்டே நாளில் வேர் கருகிவிடும்.

இலை உதிர்ந்த பழைய தண்டுகளைக் காய்ந்ததென்று வெட்டிவிடாதீர்கள். அவை பச்சையாக இருக்கும்வரை செடியின் சேமிப்புப் பணம் அவற்றில்தான் இருக்கிறது. சில தண்டுகளின் நுனியில் சிறு கன்று முளைக்கும். அதன் வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் பிரித்து வேறு சட்டியில் வைத்தால் இன்னொரு செடி கிடைத்துவிட்டது.

நோய்களில் கொடியது கருப்பழுகல். இலையடியில் நீர் கோத்ததுபோல் கறுத்து, விரைந்து பரவும். இதை உண்டாக்கும் நுண்ணுயிர் இனம் உங்களுக்குப் புதியதன்று. மழைக்காலத்தில் பால்மரத்து வெட்டுப்பட்டையில் கறுப்புக் கோடு விழச் செய்வதும் அதே இனம்தான். அழுகிய பகுதியை நல்ல பகுதி தெரியும்வரை வெட்டி எறியுங்கள். அந்தச் செடியைத் தனியே வைத்து, சில நாள் நீரைக் குறையுங்கள். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் முன்பும் நெருப்பில் காட்டுவது மிக முக்கியம். இலையில் திட்டுத்திட்டாக நிறம் மாறச் செய்யும் நச்சுயிரி நோய் கத்தி வழியாகவே செடிக்குச் செடி தாவுகிறது. அதற்கு மருந்தே கிடையாது. மஞ்சள் வண்டு பூவையும் மொட்டையும் தின்னும். அதைக் காலையில் கையால் பிடித்து அழித்துவிடலாம். நத்தையை இரவில் விளக்கு வைத்துப் பொறுக்கலாம்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் மருந்தடிக்கும் தோம்பையோ, மிச்ச மருந்தையோ வீட்டுச் செடிக்காகக் கொண்டுவராதீர்கள். குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். பாராகுவாட் என்னும் புல்மருந்து 2020 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஒரு வாய் விழுங்கினாலே உயிரைக் குடிக்கும் அந்த நஞ்சு எத்தனை தோட்டக் குடும்பங்களைக் கலங்கவைத்தது என்பதை நாம் மறக்க முடியாது. மற்ற மருந்துகளும் நஞ்சுதான். நான்கைந்து செடி வளர்ப்பவருக்குக் கையும் கண்ணுமே போதிய மருந்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காட்டுக்குப் போய் ஆர்க்கிட்டுகளைப் பிடுங்கி வந்து விற்கலாம் என்று சிலர் இளைஞர்களுக்கு ஆசை காட்டுகிறார்கள். காப்புக் காடுகளிலிருந்து உரிமமின்றிச் செடி எடுப்பது 1984ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். காட்டு ஆர்க்கிட்டுகளை அனுமதியின்றி நாடு கடத்துவது 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாங்கும் வியாபாரி தப்பித்துக்கொள்வான். மாட்டிக்கொள்வது நம் பிள்ளை. மேலும், காட்டுச் செடிகளுள் பல சட்டிக்கு வந்த சில மாதங்களில் செத்துப்போகின்றன. வாங்குவதானால், வளர்ப்பாளரிடம் வளர்ந்த செடியை வாங்குங்கள்.

இதனால் வருமானம் வருமா என்று கேட்பீர்கள். ஆர்க்கிட் வளர்த்துப் பணக்காரராகலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு செடி மூன்றாவது ஆண்டில் நாலு செடியானால், இரண்டை விற்று உரத்துக்கும் சட்டிக்கும் ஈடு கட்டலாம். சங்கத்தில் பழகி, நல்ல வகைகளைச் சேர்த்து, பெயர் அட்டை எழுதி முறையாக வளர்த்தால், திருவிழாச் செலவுக்கு உதவும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உயரலாம். நாற்றங்காலிலும் பூங்காக்களிலும் வேலை தேடும் பிள்ளைக்கு இந்த அறிவு கைகொடுக்கும்.

அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறியதை நாம் கண்டிருக்கிறோம். லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, பாட்டன் நட்ட மாவையும் தென்னையையும் முருங்கையையும் பெயர்த்துக்கொண்டு போக முடியவில்லை. அவற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே எத்தனையோ குடும்பங்கள் லாரியில் ஏறின. சட்டியில் தொங்கும் ஆர்க்கிட் மண்ணை நம்பி வாழ்வதில்லை. கொக்கியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளலாம். அடுக்குமாடி வீட்டின் நடைபாதையில், காலை வெயில் விழும் கம்பியில் மாட்டினால், புதிய இடத்திலும் பூக்கும். நிலம் நமக்குச் சொந்தமாக இல்லாவிட்டாலும் அந்தச் செடியும் அதை வளர்க்கும் அறிவும் நமக்குச் சொந்தம்.

ஆகவே, பெற்றோர்களே, இந்த மாதம் ஒரே ஒரு செடியுடன் தொடங்குங்கள். அதைப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். எந்த நாளில் புதுவேர் வந்தது, எந்த நாளில் மொட்டு தெரிந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கரியும் உடைந்த ஓடும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. வேண்டியது காலையில் ஐந்து நிமிடம்.